கள்ளந்திரிக்குக் கீழே: மதுரைப் பக்கம் ஐந்து நாள்

முதல் நாள்: மாட்டுத்தாவணி, தெப்பக்குளம்

விடியக்காலை நாலரை மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். மார்கழிப் பனி. நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கிய பிறகுதான் ஊர் வந்துவிட்டது என்று உடம்பு நம்பியது.

பையில் நாலு பக்கத் தாள் இருக்கிறது, இணைய எண்களைக் கொடுப்பதற்கான ஒரு விதிக்கு நான் எழுதிய வரைவு. அதற்காகத்தான் இந்தப் பயணம். சென்னையில் ஓர் இணைய நிறுவனத்தில் பதினோரு வருஷமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இணையத்தோடு பேசுகிற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு அந்த எண்களைப் பிரித்துக் கொடுக்கிற பதிவகத்தின் பெயர் ஏப்னிக். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் இருக்கிறது. இந்தியா உட்பட 56 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் அதன் வட்டாரத்தில் வருகின்றன. உலகத்தில் இப்படி ஐந்து பதிவகங்கள் உண்டு. இந்தியாவுக்குள் 2012லிருந்து ஐரின் என்கிற தேசியப் பதிவகம் எண்களைக் கொடுக்கிறது.

விதிகளை யார் போடுகிறார்கள் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. அரசாங்கம் போடுவதில்லை. பதிவகத்து ஊழியர்களும் போடுவதில்லை. எண்களைப் பயன்படுத்துகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். வரைவு எழுத உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. மேலூர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரும் எழுதி அனுப்பலாம். ஆறு வருஷமாக அந்த விவாதங்களை வாசிக்கிறேன். மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்து ஆள் ஒருவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. நானும் திறந்ததில்லை. இந்தத் தடவை திறக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால், அந்த விதி யார் தலையில் விழுமோ அவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

வரைவின் சாரம் இதுதான்: இனிமேல் தட்டுப்பாடான பழைய வகை எண்களைப் புதிதாக வாங்குகிற நிறுவனம், ஒரு வருஷத்துக்குள் தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் தட்டுப்பாடில்லாத புதிய வகையான ஐபிவி6 எண்களையும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

மதியம் தெப்பக்குளத்துக்குத் தெற்கே ஒரு மாடி அறை. கேபிள் டிவியில் ஆரம்பித்து ஃபைபருக்கு மாறிய அண்ணன் ஒருவர். சுவரோரம் வீட்டு ஃபைபர் லைன்களெல்லாம் வந்து சேர்கிற ஓஎல்டி பெட்டி, அதிலிருந்து மஞ்சள் வயர்கள் சடை பின்னினமாதிரி ஜன்னல் வழியாக வெளியே போகின்றன. மாவட்ட அளவு லைசென்ஸ் வைத்திருக்கிறார். 2020ல் 512 எண்கள் வாங்கினார்.

“அவ்வளவுதாம்மா குடுப்பாங்களாம். நம்ம வீடு ஆயிரக்கணக்குல ஆயிருச்சு. ஒரு நம்பருக்குள்ள அம்பது அறுபது வீட்டை அடைச்சு வச்சிருக்கேன்.”

இதற்குப் பெயர் சிஜிநாட். ஓர் எண்ணுக்கு போர்ட் எனப்படும் வாசல்கள் 65,536 உண்டு, வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வெளியே போக வழி இருக்கும். வெளியிலிருந்து யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் எண்பது வயது அம்மா தனியாக இருக்கிறார். கூடத்தில் கேமரா வைத்து, அதன் படத்தைப் பதிவு செய்கிற பழைய டிவிஆர் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். ஷார்ஜாவிலிருந்து அம்மாவைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் தன் 512ல் ஒன்றை எடுத்து அந்த வீட்டுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டார். “அறுபது வீட்டு நம்பர அந்த ஆத்தாவுக்குக் குடுத்திருக்கேன். தப்பா சரியான்னு தெரியல.”

என் வரைவைப் படித்துப் பார்த்துவிட்டு நல்லது என்றார். அவருக்கு நல்லதுதான். அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்.

இரண்டாம் நாள்: உசிலம்பட்டி

காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். செக்கானூரணி தாண்டினால் மண் செம்மண்ணாக மாறுகிறது. வைகை அணையிலிருந்து 58 கிராமங்களுக்கென்று வெட்டிய கால்வாய் இந்தப் பக்கம்தான் வருகிறது. அணையில் மட்டம் ஏறினால்தான் அதில் தண்ணீர்.

நான் பார்க்கப்போனது ஓர் அக்காவை. வீட்டுக்காரர் இறந்தபிறகு கேபிள் தொழிலைக் கையில் எடுத்தவர். போனபோது திண்ணையில் ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்துக்கொண்டு ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி இழை தலைமுடியைவிடச் சற்றே தடிமன்தான். மேலே இருக்கிற நிறப்பூச்சை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, வெட்டுக்கத்தியில் வைத்து ஒரே அழுத்து. வெட்டு கோணலாக இருந்தால் மெஷின் ஏற்காது. இரண்டு நுனியும் திரையில் பூதாகரமாகத் தெரிந்தன. ஒரு நீலப் பொறி, ஒட்டிவிட்டது. “அணில் கடிச்சது” என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். “காலைலருந்து பதினாலு வீடு போன் பண்ணிட்டாங்க.”

இதுவரை பெரிய கம்பெனியின் லைனை எடுத்து விற்றவர். அவர்கள் பங்கு போடுகிற விகிதம் கட்டுபடியாகாமல் இப்போது சொந்த லைசென்ஸ், சொந்த எண் என்று கிளம்பியிருக்கிறார். என் வரைவு நேராக விழப்போவது இவர்மீதுதான். தமிழில் சொல்லிச் சொல்லி, நாலு பக்கத்தையும் முடித்தேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். வீட்டில் மாட்டுகிற ஓஎன்யூ, பழசு, ஓரத்தில் சிமெண்டுத் தூசி.

“இதுல நீ சொல்ற ஆறு வராது தங்கச்சி. கம்பெனி சாஃப்ட்வேரே நிறுத்திட்டான். இந்த மாதிரி அறுநூறு வீட்டுல கெடக்கு. மாத்தணும்னா ஒண்ணுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகும். ஆறு லட்சத்த ஒரு வருஷத்துல எங்கிட்டுப் போயி எடுப்பேன்?”

தவணை கேட்கலாம் என்றேன். கையமர்த்தினார்.

“அது கெடக்கட்டும். புதுசா வர்றவளுக்கு மட்டும்தானா நிபந்தனை? முன்னாடி வந்து லட்சக்கணக்குல வாங்கி வச்சிருக்கவுகளுக்கு என்ன நிபந்தனை போட்டிருக்க? நாங்க கடைமடைக்காரங்க. தலைமடைக்காரன் வயல்ல தண்ணி தளும்புது. நீ வந்து எங்க வரப்ப அளக்குற.”

நான் பேசவில்லை. அவர் சொன்னதில் பதில் சொல்ல இடமில்லை.

பழைய வகையான ஐபிவி4ல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான். தொடக்க காலத்தில் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனம் ஒன்றிடம் மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் இருந்தது. அதில் ஒரு பெரும் பகுதியை 2017ல் விற்றது. 140 கோடிப் பேர் இருக்கிற இந்தியா முழுவதற்கும் இருப்பது சுமார் 4 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதி தீர்ந்தது. மீதமிருந்த ஐந்து பெருந்தொகுதிகளை ஐந்து பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். நமக்கு வந்தது 103 என்று தொடங்குகிற தொகுதி. அதே வருஷம் ஏப்ரல் 15ஆம் தேதி ஏப்னிக் அந்தக் கடைசிப் பானையில் கைவைத்தது.

அந்த நிலையில் இந்த வட்டாரத்து மக்கள் போட்ட விதியை நான் மனதார மதிக்கிறேன். ஆளுக்கு 1,024க்கு மேல் கிடையாது, எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் சரி என்றார்கள். பின்னால் வருகிறவனுக்கும் ஒரு கைப்பிடி மிஞ்ச வேண்டும் என்பது எண்ணம். 2019ல் தென்கொரியாவில் நடந்த கூட்டத்தில் அதையும் பாதியாக்கி 512 என்றார்கள். இந்த எண்களை வாங்கி உடனே விற்று லாபம் பார்க்கக் கூடாது, ஐந்து வருஷம் கைமாற்றக் கூடாது என்றும் ஒரு விதி வந்தது. தெப்பக்குளத்து அண்ணனுக்கு இப்போது தரகர்கள் போன் செய்கிறார்களாம், “அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சே” என்று.

இப்படிப் பின்னால் வருகிறவர்களை நினைத்துப் போட்ட விதிகளின் வரிசையில்தான் என் வரைவும் சேரும் என்று நம்பியிருந்தேன். திண்ணையில் ஓர் ஓஎன்யூ பெட்டிக்கு முன்னால் அது எதிர்ப்பக்கம் நிற்பது தெரிந்தது.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று அக்கா கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்.

மூன்றாம் நாள்: கள்ளந்திரி, ஊர்

அப்பா வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போனார். அழகர்கோயில் சாலையில் கள்ளந்திரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து கடந்துபோகிற இடம். இன்றைக்குத்தான் இறங்கி நின்று பார்த்தேன்.

முல்லைப்பெரியாறு அணை 1895ல் திறந்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற தண்ணீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பி வைகையில் விட்டார்கள். பேரணையிலிருந்து வருகிற பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். எங்கள் நிலம் கீழே. மேலே இருப்பவன் வருஷத்தில் இரண்டு தடவை நாற்றுப் பாவுவான், நாங்கள் ஒரு தடவை. அதற்கும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். திறந்துவிட்டாலும் சில வாரம்தான் தொடர்ச்சியாக வரும், பிறகு முறை வைத்து விடுவார்கள்.

ஊரில் சாயங்காலம் மந்தையில் கூட்டம். கண்மாயின் கடைசி மடைக்கு இரண்டு முறையாகத் தண்ணீர் போய்ச்சேரவில்லை. வேப்பமரத்தடியில் முப்பது நாற்பது பேர். நீர்பாய்ச்சித் தாத்தா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். பெரியவர் ஒருவர் நடத்தினார். கை தூக்கச் சொல்லி எண்ணவில்லை. எண்ணியிருந்தால் மேல்மடைக்காரர்கள் ஜெயித்திருப்பார்கள், அவர்கள்தான் அதிகம். “வேற யாருக்கும் சொல்லறதுக்கு இருக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி மடையில் முக்கால் குறுக்கம் வைத்திருக்கிற அத்தை ஒருவர் எழுந்து, “ராத்திரி முறையில நான் ஒத்தப் பொம்பள எப்படிப் போயித் தண்ணி கட்டுவேன்? எனக்குப் பகல் முறை குடுங்க” என்றார். அதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் முறையை மாற்றிக்கொண்டார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஏப்னிக்கின் கொள்கைக் கூட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் என்று வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவிடம் சொன்னேன். அங்கே நிர்வாகக் குழுத் தேர்தலில் பெரிய உறுப்பினருக்கு வாக்கு அதிகம். கொள்கைப் பேச்சில் அது செல்லாது. நடத்துகிறவர் ஆதரவு எதிர்ப்பு இரண்டையும் பார்ப்பார். காரணத்தோடு ஒரு கடுமையான ஆட்சேபணை இருந்து, அதற்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை என்றால் வரைவு எழுதியவரிடமே திரும்பிவிடும். திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். கூட்டத்தில் இசைவு கிடைத்தாலும் நாலு வாரம் கடைசி அவகாசம் உண்டு, வரமுடியாதவர்கள் அப்போது எழுதலாம். அதன்பிறகே நிர்வாகக் குழுவுக்குப் போகும்.

“அங்க பேச யாரெல்லாம் வருவாக?” என்றார் அப்பா.

“யார் வேணாலும் வரலாம்ப்பா.”

“வரலாம் சரி. வர்றது யாரு?”

இந்தக் கேள்வி இரவெல்லாம் உறுத்தியது. எங்கள் மந்தையில் பாட்டி காலத்தில் பெண்கள் பேசியதில்லை. சில தெருக்காரர்களைக் கூப்பிட்டதுமில்லை. அப்போது கேட்டிருந்தாலும் ஊர்க்கூட்டம் எல்லாருக்கும் பொது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அத்தை இன்றைக்கு எழுந்து நின்றதற்குப் பின்னால் எத்தனையோ வருஷத்துப் பாடு இருக்கிறது. இணைய எண்களின் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பெரிய ஓட்டல்களில் நடக்கிறது. வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பேசவும் வசதி செய்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் உசிலம்பட்டி அக்காவிடம் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் நான்தான்.

நான்காம் நாள்: அரிட்டாபட்டி

எழுத உட்காருமுன் காலையில் அரிட்டாபட்டி மலைக்குப் போய்வந்தேன். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022ல் அறிவித்த இடம். டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்தப் பகுதியை ஏலம் விட்டபோது, 2024 நவம்பரில் ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் சனம் திரண்டு போனது. அதே மாதம் 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நடந்துபோனவர். அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார். செருப்பு அறுந்துபோனதை மட்டும் சொல்வார்.

மதியம் முழுக்கத் திருத்தம். திருப்பித் தர வேண்டும் என்ற வரியை அடித்தேன். புதிதாக வாங்குபவர் என்பதையும் அடித்தேன். இப்போது வரைவு இப்படி நிற்கிறது: எண்கள் வைத்திருக்கும் எல்லாரும், முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர், பெரியவர், சிறியவர் என்ற பேதமில்லாமல், தங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேருக்கு ஐபிவி6 போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை பொதுவில் சொல்ல வேண்டும்.

ஏப்னிக்கின் அளவீட்டில் இந்தியாவின் ஐபிவி6 பயன்பாடு 70 விழுக்காட்டைத் தாண்டி, உலகத்தின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு கைபேசி நிறுவனங்களுடையது. வீட்டுக்கு ஃபைபர் இழுக்கிற சிறிய ஆள்களின் நிலைமை அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகிறது. ஷார்ஜாக்காரரின் அம்மா அந்த மறைந்த பக்கத்தில் இருக்கிறார்.

ஐந்தாம் நாள்: மேலூர்

மேலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை மாடி. எட்டுப் பேர் வந்தார்கள். தெப்பக்குளத்து அண்ணன் தன் செலவில் வந்திருந்தார். உசிலம்பட்டி அக்காவுக்கு லைன் வேலை, வரமுடியவில்லை.

வரி வரியாகப் படித்தோம். முதல் ஆட்சேபணை கொட்டாம்பட்டிக்காரரிடமிருந்து: “எத்தனை வீடுன்னு பொதுவுல சொன்னா, பெரிய கம்பெனிக்காரன் கணக்குப் பாத்து என் தெருவுலயே கேபிள் இழுப்பான்.” நியாயம். எண்ணிக்கை வேண்டாம், விழுக்காடு போதும் என்று மாற்றினோம். இன்னொருவருக்குச் சிஜிநாட்டில் வேறொரு தொந்தரவு. எந்த வாடிக்கையாளர் என்று கேட்டு ஒரு காவல் நிலையத்திலிருந்து கடிதம் வருகிறது, எண் மட்டும் இருக்கிறது, வாசல் எண்ணும் நேரமும் இல்லை. அறுபது வீட்டில் எந்த வீடு என்று இவர் சொல்வார்? சொல்லாவிட்டால் மறைக்கிறார் என்கிறார்கள். இது என் வரைவுக்குள் வராது, ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை எல்லாரும் கேட்டோம். இதைச் சொல்ல அவருக்கு வேறு இடமில்லை.

கடைசியில் பேசியது இருபத்தைந்து வயதுத் தம்பி. “அக்கா, தண்டனையும் இல்ல, கட்டாயமும் இல்ல. சும்மா சொல்லணும்னா எவன் சொல்லுவான்? சொன்னாத்தான் என்ன ஆகிரும்?”

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். பொதுவில் ஒரு கணக்கு இருந்தால், அடுத்த விதியை யார் தலையில் வைப்பது என்பதை ஊகத்தில் முடிவு செய்ய முடியாது என்றேன். அவருக்குப் பாதிதான் ஒப்புதல். அந்த ஆட்சேபணையை அப்படியே வரைவின் கடைசிப் பகுதியில் சேர்த்துவிட்டேன், தீராத கேள்வி என்று. கூட்டத்தில் யாரிடமாவது இதைவிட நல்ல பதில் இருக்கும்.

ராத்திரி மேலூரிலேயே சென்னை பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் அக்காவிடமிருந்து குரல்செய்தி வந்தது, நாலு நிமிஷம். “என் பேரு வேணாம். ஆனா நான் சொன்னத அங்க சொல்லு” என்று தொடங்குகிறது. பின்னால் ஸ்ப்ளைசிங் மெஷின் கீச்சிடுகிற சத்தம். துவரங்குறிச்சி தாண்டும்போது இரண்டாவது நிமிஷத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைமடை என்று மூன்று முறை சொல்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைப் போட்டுப் பார்த்து, போதவில்லை என்று அழித்தேன். கடைமடை என்றே எழுதி, கள்ளந்திரிக்குக் கீழே எத்தனை ஏக்கர், எத்தனை போகம் என்பதை அடுத்த வரியில் வைத்தேன்.